பக்கத்தில் ஒரு செடி: உயர்மலைத் தாவரங்கள் பிழைக்கும் விதம்

சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் ஏற்காடு. அது சுமார் 1,500 மீட்டர். கீழே வியர்வை வழிய பஸ் ஏறியவர்கள் மேலே இறங்கியதும் சால்வையைத் தேடுகிறார்கள். காரணம் எளிது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்த காற்று விரிகிறது. விரியும் காற்று குளிர்கிறது. ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக ஆறு, ஆறரை டிகிரி செல்சியஸ் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஆக, சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே எட்டு டிகிரி அளவுக்கு வித்தியாசம்.

இந்த எட்டு டிகிரி நமக்கு இதம். காப்பிக்கும் மிளகுக்கும் ஆரஞ்சுக்கும் அதுவே வாழ்வு. ஆனால் அதே கணக்கை நிறுத்தாமல் மேலே கொண்டுபோய்ப் பாருங்கள். ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலையில், சேர்வராயன் கோயில் இருக்கும் முகடு ஏறத்தாழ 1,620 மீட்டர். அதைப் போல மூன்று மலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 4,860 மீட்டர் வரும். அந்த உயரத்தில் ஆண்டுச் சராசரி வெப்பம் பூஜ்ஜியத்தை ஒட்டிவிடும். அங்கே காப்பி இல்லை, சில்வர் ஓக் இல்லை, மரம் என்று சொல்லத்தக்க எதுவுமே இல்லை. ஆனால் தரையோடு தரையாகச் செடிகள் இருக்கின்றன. பூக்கின்றன, விதைக்கின்றன, நூற்றாண்டுகள் வாழ்கின்றன. அவை எப்படிப் பிழைக்கின்றன என்பதை, தாவரவியல் படிக்காதவர்களுக்கும் புரியும்படி சொல்வதற்கே இந்தக் கட்டுரை. அதில் ஒரு செய்தியை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: அந்த உயரத்தில் ஒரு செடிக்கு மிகப் பெரிய ஆதரவு, பக்கத்தில் இருக்கும் இன்னொரு செடிதான்.

மரங்கள் நின்றுவிடும் இடம்

மலையில் ஏறிக்கொண்டே போனால் மரங்கள் குட்டையாகி, கோணலாகி, ஓரிடத்தில் அறவே நின்றுவிடும். அந்த இடத்தை மர எல்லை என்கிறார்கள். ஆல்ப்ஸில் இது பெரும்பாலும் 2,000 மீட்டருக்குச் சற்று மேலே வருகிறது. இமயமலையில் பல இடங்களில் 4,000 மீட்டரை ஒட்டி வருகிறது. மர எல்லைக்கு மேலே, நிரந்தரப் பனிக்குக் கீழே இருக்கும் திறந்த வெளிதான் உயர்மலை மண்டலம். உலக நிலப்பரப்பில் இது ஏறத்தாழ மூன்று சதவீதம். அந்தச் சிறு பரப்பில் பத்தாயிரம் அளவுக்குப் பூக்கும் தாவர இனங்கள் வாழ்வதாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் உண்மையான உயர்மலை மண்டலம் கிடையாது. நம் மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். வெப்பமண்டலத்தில் மர எல்லை வருவதற்கு அது போதாது. உத்தராகண்டில் உள்ள மலர்ப் பள்ளத்தாக்குக்கும் ஹேம்குண்டுக்கும் நடந்து போனவர்களும், லடாக்கில் பணிசெய்து திரும்பிய ராணுவ வீரர்களும் அதைப் பார்த்திருப்பார்கள். சேலம் மாவட்டத்துக் கிராமங்களில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அங்கே என்ன செடி இருந்தது என்று கேட்டால், பெரும்பாலும் "ஒன்றுமில்லை, கல்லும் பனியும்தான்" என்பார்கள். நின்ற நிலையில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். குனிந்து பார்க்க வேண்டும்.

மரம் ஏன் நிற்கிறது? குளிரில் செத்துப்போகிறது என்று நினைப்பது இயல்பு. ஆனால் உறைபனியைத் தாங்கும் மரங்கள் எத்தனையோ உண்டு. சைபீரியக் காடுகள் நம் கற்பனைக்கும் எட்டாத குளிரைத் தாங்குகின்றன. கிறிஸ்டியன் கோர்னர் என்ற தாவரவியலாளர் உலகின் பல மலைகளில் மர எல்லையில் மண்ணின் வெப்பத்தை அளந்து பார்த்தார். எந்தக் கண்டமானாலும், வளரும் பருவத்தின் சராசரி ஏறத்தாழ ஆறு டிகிரியை ஒட்டி வந்தது. அதற்குக் கீழே போனால், இலை வெயிலில் சர்க்கரை தயாரித்துவிடுகிறது. ஆனால் அந்தச் சர்க்கரையைக் கொண்டு புதிய திசுவைக் கட்ட முடிவதில்லை. செல் பிரிவது அத்தனை மெதுவாகிவிடுகிறது. செங்கல்லும் சிமெண்டும் வந்து இறங்கிவிட்டன, கொத்தனாரின் கை மட்டும் விறைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மரத்துக்கு இதில் ஒரு கூடுதல் கேடு உண்டு. அது உயரமாக நிற்பதால், வீசும் காற்றின் வெப்பம் எதுவோ அதுவே அதன் கிளைகளின் வெப்பமும். தரையோடு படிந்த செடிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வெயில் விழுந்தால் தரை சூடாகிறது. தாழ்ந்த செடி அந்தச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. காற்று அதன் தலைக்கு மேலே போய்விடுகிறது. நல்ல வெயில் அடிக்கும் பகலில் இத்தகைய செடியின் இலை, சுற்றியுள்ள காற்றைவிடப் பத்து டிகிரிக்கும் மேல் சூடாக இருப்பதுண்டு. நம் தலை உயரத்தில் காற்று ஐந்து டிகிரி என்று வெப்பமானி காட்டும்போது, காலடியில் இருக்கும் பச்சைத் திட்டு பதினைந்து டிகிரியில் வாழ்ந்துகொண்டிருக்கலாம். குட்டையாக இருப்பது அந்தச் செடியின் குறை என்று எண்ணிவிடக் கூடாது. உயரத்தைக் கைவிட்டதால் அதற்குத் தனியாக ஒரு தட்பவெப்பம் கிடைத்திருக்கிறது.

சேர்வராயன் கோயில் மேட்டுப் புல்வெளியில் காற்று வீசும் நாளில் இதைச் சிறிய அளவில் உணரலாம். நின்றால் முகத்தில் காற்று அறைகிறது. குப்புறப் படுத்துப் புற்குத்துக்குப் பக்கத்தில் கன்னத்தை வைத்தால் காற்று அடங்கிவிடுகிறது, மண்ணின் வெதுவெதுப்பு தெரிகிறது. குழந்தைகளை அழைத்துப் போகும் ஆசிரியர்கள் ஒரு சாதாரண வெப்பமானியை நெஞ்சுயரத்தில் ஒருமுறை, புல் அடியில் ஒருமுறை வைத்துக் காட்டலாம். மழைமேகம் மூடாத காலை நேரம் இதற்கு ஏற்றது.

மெத்தைச் செடிக்குள்ளே

இனி அந்த உயரத்தின் நாயகியைப் பார்ப்போம். சைலீன் அகாலிஸ் என்று ஒரு செடி. ஆல்ப்ஸிலும், வட அமெரிக்காவின் மலைகளிலும், ஆர்க்டிக் பகுதியிலும் வளர்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் பாறையின்மேல் பாசி படர்ந்ததுபோல ஒரு பச்சைக் குமிழ். உயரம் சில சென்டிமீட்டர்தான். தொட்டால் அழுத்தமாக, மெத்தென்று இருக்கும். விலக்கிப் பார்த்தால் நூற்றுக்கணக்கான குறுந்தண்டுகள் ஒன்றையொன்று நெருக்கி நிற்பது தெரியும். ஒவ்வொரு தண்டின் நுனியிலும் ஊசி போன்ற சிறு இலைகள். வெளிப்புறம் மட்டும்தான் பச்சை. உள்ளே பழைய இலைகள் உதிராமல் காய்ந்து, பழுப்பாகி, மட்கிக்கொண்டிருக்கும். இன்னும் உள்ளே போனால் ஈரமான கரிய மண். அந்த மண்ணைச் செடியே செய்துகொண்டது. தன் இலைகளை மட்கவைத்தும், காற்றில் வந்த தூசியைப் பிடித்தும் சேர்த்துக்கொண்டது. நடுவிலிருந்து ஒரே ஓர் ஆணிவேர் பாறை இடுக்கில் ஆழமாக இறங்குகிறது. கோடையில் இந்தக் குமிழ் முழுவதையும் சிறிய இளஞ்சிவப்புப் பூக்கள் மூடிவிடும். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் மட்டுமே அகலம் கூடும். முந்நூறு ஆண்டுகளைத் தாண்டிய குமிழ்களும் உண்டு.

இப்படிக் குமிழாக வளரும் செடிகளை மெத்தைச் செடிகள் என்று அழைக்கலாம். வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த செடிகள், வெவ்வேறு கண்டங்களில், ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் இதே வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. லடாக்கின் உச்சிகளில் தைலாகோஸ்பெர்மம் என்ற செடி கல்லைப் போல இறுகிய அரைக்கோளமாக வளர்கிறது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் யரேட்டா என்ற செடி 3,200 மீட்டருக்கு மேலே, ஆள் ஏறி நிற்கும் அளவுக்குப் பெரிய பச்சைப் பாறைகளைப் போல வளர்கிறது. ஆண்டுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதற்கு நல்ல வளர்ச்சி. பிசின் நிறைந்த அந்தச் செடியை வெட்டிச் சுரங்கங்களில் எரிபொருளாக எரித்தார்கள். ஆயிரம் ஆண்டுகள் வளர்ந்ததை ஒரு பொழுதில் அடுப்பில் போட்ட செயல் அது. படிக்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது.

அந்த உயரத்தில் ஒரு விதைக்கு என்னென்ன ஆபத்து என்று எண்ணிப் பாருங்கள். 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி. புற ஊதாக் கதிர் கடுமை. மண் என்பது பெரும்பாலும் சரளைக்கல். பகலில் உருகும் நீர் இரவில் மண்ணுக்குள் ஊசி ஊசியாக உறைந்து எழும்புகிறது. அப்படி எழும்பும்போது முளைத்த நாற்றை வேரோடு பிடுங்கி வெளியே தள்ளிவிடுகிறது. அடுத்த நாள் வெயிலில் அந்த வேர் காய்ந்துபோகிறது. வளரும் பருவமோ சில வாரங்கள். திறந்த சரளையில் விழுந்த விதைகளில் பெரும்பாலானவை முளைப்பதில்லை, முளைத்தவையும் நிலைப்பதில்லை.

அந்த விதை ஒரு மெத்தைச் செடியின்மேல் விழுந்தால் கதை மாறுகிறது. உள்ளே காற்று வீசுவதில்லை. மண் ஈரமாக இருக்கிறது. மட்கு இருக்கிறது, அதில் தழைச்சத்து இருக்கிறது. இரவுக் குளிரும் பகல் சூடும் உள்ளே அவ்வளவு வேகமாக ஏறி இறங்குவதில்லை. ஆணிவேர் பிடித்து நிறுத்தியிருப்பதால் மண் நகர்வதில்லை. சின்னஞ்சிறு புல்லும் வேறு பூச்செடிகளும் அந்தக் குமிழைத் துளைத்துக்கொண்டு தலை நீட்டுகின்றன. ஐந்து கண்டங்களின் உயர்மலைகளில் ஆய்வாளர்கள் மெத்தைச் செடிக்கு உள்ளேயும், பக்கத்துத் திறந்த வெளியிலும் வளரும் இனங்களை எண்ணி ஒப்பிட்டிருக்கிறார்கள். மெத்தைச் செடிகள் இல்லையென்றால் பல மலைகளில் இன வளம் கணிசமாகக் குறைந்துபோயிருக்கும் என்பதே அவர்கள் கண்டது.

இப்படி இன்னொரு செடியின் நாற்றைத் தன் நிழலில், தன் ஈரத்தில் பிழைக்கவைக்கும் செடியைச் செவிலிச் செடி என்று சொல்லலாம்.

நம் ஊர்ச் செவிலிகள்

இது உயர்மலைக்கு மட்டும் உரிய அதிசயம் என்று நினைக்க வேண்டாம். சேர்வராயன் அடிவாரத்து மேய்ச்சல் காடுகளில் வேப்பங்கன்று எங்கே முளைத்து நிற்கிறது என்று கவனியுங்கள். பொட்டல் நடுவே நிற்பது அரிது. சூரைமுள் புதருக்குள்ளேயோ கள்ளிக்குள்ளேயோதான் நிற்கும். பறவை புதரில் உட்கார்ந்து எச்சமிடுகிறது, விதை அங்கே விழுகிறது, நிழலில் முளைக்கிறது, முள்ளுக்குள் ஆட்டின் வாய் நுழைவதில்லை. சில ஆண்டுகளில் வேம்பு புதருக்கு மேலே தலை தூக்கும்.

ஆனால் இந்த உறவின் நுட்பத்தை ஏற்காட்டுக் காப்பித் தோட்டம்தான் நன்றாகக் காட்டுகிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் காலத்திலிருந்து இந்த மலையில் காப்பி வளர்கிறது. அரபிகா காப்பி எத்தியோப்பியக் காடுகளில் பெரிய மரங்களின் கீழ் வளர்ந்து பழகிய செடி. எனவே இங்கேயும் நிழல் மரங்களுக்குக் கீழேதான் நடுகிறார்கள். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடியையும் ஏற்றிவிடுகிறார்கள். மார்ச், ஏப்ரல் வெயிலில் அந்த நிழல் இல்லாவிட்டால் காப்பி இலை கருகும், மண் வறளும். ஆனால் மழைக்காலம் வரும் முன் தோட்டக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? நிழல் மரங்களின் கிளைகளைக் கழிக்கிறார்கள். மேகமூட்டமான மாதங்களில் அதே நிழல் காப்பிக்குக் கிடைக்க வேண்டிய வெளிச்சத்தைப் பறித்துக்கொள்ளும், ஈரத்தைத் தேக்கி நோயை வளர்க்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். மரம் அதே மரம், செடியும் அதே செடி. கோடையில் துணையாக நின்ற மரம் மழைக்காலத்தில் போட்டியாக மாறிவிடுகிறது. இந்த மாற்றத்தைப் பார்த்துப் பார்த்துக் கத்தியை எடுப்பவர்தான் நல்ல தோட்டக்காரர்.

தாவரங்களுக்கிடையே எப்போதும் இந்த இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. பக்கத்துச் செடி நீரையும் சத்தையும் வெளிச்சத்தையும் பங்குபோடுகிறது. அதே சமயம் காற்றையும் வெயிலையும் குளிரையும் தடுக்கிறது. எது மிகுதி என்பதை இடத்தின் கடுமை தீர்மானிக்கிறது. எல்லாம் வசதியாகக் கிடைக்கும் இடத்தில் தடுப்பினால் பெரிய பயனில்லை, எனவே பங்குபோடுவதுதான் உறுத்தும். உயிர் பிழைப்பதே பாடாக இருக்கும் இடத்தில் பங்குபோடுவது பொருட்டல்ல, தடுப்புதான் உயிர். மார்க் பெர்ட்னஸ், ரேகன் காலவே என்ற இரு சூழலியலாளர்கள் 1994இல் இந்தக் கருத்தை ஒரு கோட்பாடாக முன்வைத்தார்கள்.

கோட்பாடு என்றால் சோதிக்க வேண்டும். காலவேயும் அவருடன் பல நாடுகளைச் சேர்ந்த ஆய்வாளர்களும் செய்த சோதனை 2002இல் வெளியானது. அதன் எளிமைதான் அதன் அழகு. உலகின் 11 மலைப்பகுதிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு மலையிலும் தாழ்ந்த இடம் ஒன்று, உயர்ந்த இடம் ஒன்று. ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து, அதைச் சுற்றியிருக்கும் செடிகளை மட்டும் அகற்றினார்கள். அதே இனத்தின் இன்னொரு செடியை அண்டைச் செடிகளோடு அப்படியே விட்டார்கள். இப்படி மொத்தம் 115 இனங்கள். பிறகு எந்தச் செடி நன்றாக வளர்ந்தது, எது பிழைத்தது, எது பூத்தது என்று பார்த்தார்கள். தாழ்ந்த இடங்களில் அண்டைச் செடிகளை அகற்றியதும் பொதுவாக அந்தச் செடி செழித்தது. அதாவது அங்கே போட்டி ஓங்கியிருந்தது. உயர்ந்த இடங்களில் அண்டைச் செடிகள் போனதும் அது தளர்ந்தது; அங்கே துணை ஓங்கியிருந்தது.

வயலில் களை எடுத்துப் பழகிய நமக்கு இது எளிதில் மனத்தில் ஏறாது. சுற்றியிருப்பதைப் பிடுங்கினால் நடுவில் இருப்பது வாழும் என்பதுதான் உழவின் பாடம். நீர் பாய்ச்சி உரம் போட்ட வயலுக்கு அது சரியான பாடம். மலை முகட்டுக்கு அது பொருந்தவில்லை.

துணைக்கும் விலை உண்டு

செவிலிச் செடி தியாகம் செய்வதாக எழுதிவிடுவது சுலபம். நான் அப்படி எழுத மாட்டேன், ஏனென்றால் மெத்தைச் செடி அந்த வடிவத்துக்கு வந்தது தன் பிழைப்புக்காகத்தான். மற்றவை உள்ளே நுழைவது அதற்குச் செலவு. ஸ்பெயினின் சியரா நெவாடா மலையிலும் வேறு இடங்களிலும் ஆய்வாளர்கள் இதை அளந்தார்கள்: மெத்தையின்மேல் விருந்தாளிச் செடிகள் எவ்வளவு அதிகமாகப் படர்ந்திருக்கின்றனவோ, அந்த அளவுக்கு மெத்தைச் செடியின் பூவும் விதையும் குறைகின்றன.

ஒரே இனத்துக்குள்ளும் குணம் வேறுபடுகிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் ஓர் உயர்மலையில் ஜீயம் ரோசி என்ற செடியில் இதைக் கண்டார்கள். சில செடிகள் தளர்வான மெத்தையாக வளர்கின்றன, சில இறுக்கமாக. தளர்வானவற்றில் மற்ற இனங்கள் நிறைய குடியேறுகின்றன, இறுக்கமானவற்றில் குறைவு. தளர்வான செடி அதற்கு விலையாகத் தன் பூக்களில் ஒரு பங்கை இழக்கிறது. லடாக்கின் கல் போன்ற தைலாகோஸ்பெர்மம் மெத்தையிலும் விதை ஊன்ற இடம் குறைவுதான். ஆகவே மெத்தைச் செடி என்றாலே செவிலி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. செடியின் இறுக்கம், அந்த மலையின் ஈரம், வரும் இனத்தின் இயல்பு எல்லாம் சேர்ந்துதான் கணக்கு.

துணை செய்வது செடி மட்டும் அல்ல. கிழக்கு இமயமலையில், சிக்கிமை ஒட்டிய பகுதிகளில், 4,000 மீட்டருக்கு மேலே ரியம் நோபிலே என்று ஒரு செடி வளர்கிறது. நான் மேலே சொன்ன விதிக்கெல்லாம் மாறாக, முழங்கால் உயரச் செடிகளுக்கு நடுவே இது ஆள் உயரத்துக்கு ஒற்றைக் கோபுரமாக எழுகிறது. தொலைவிலிருந்து பார்த்தால் வெளிர்மஞ்சள் நிறத்தில் மலைச்சரிவில் யாரோ நிற்பதுபோலத் தெரியும். அந்த மஞ்சள் நிறம், ஒன்றன்மேல் ஒன்று கவிந்த இலைச் செதில்களுடையது. ஒளி ஊடுருவும் அந்தச் செதில்கள் புற ஊதாக் கதிரைத் தடுத்து, வெயிலின் சூட்டை உள்ளே பிடித்து வைக்கின்றன. அந்தக் கதகதப்பில் பூக்கள் மறைந்திருக்கின்றன. உள்ளே வரும் சிறு ஈ ஒன்று மகரந்தத்தைச் சுமக்கிறது. அதே ஈ அங்கேயே முட்டையும் இடுகிறது. அதன் புழுக்கள் சில விதைகளைத் தின்று வளர்கின்றன. மீதி விதைகள் செடிக்கு. வேறு பூச்சிகள் அதிகம் பறக்காத உயரத்தில், சில விதைகளைக் கூலியாகக் கொடுத்து ஒரு மகரந்தத் தூதரை அந்தச் செடி வைத்திருக்கிறது.

பூமத்தியரேகையை ஒட்டிய கென்யா மலையில் வேறொரு வழி. அங்கே ஒவ்வொரு பகலும் கோடை, ஒவ்வோர் இரவும் குளிர்காலம். அங்குள்ள ராட்சத செனிசியோ செடிகள் தங்கள் காய்ந்த இலைகளை உதிர்க்காமல் தண்டைச் சுற்றி வைத்துக்கொள்கின்றன. இரவில் தண்டுக்குள் நீர் உறைந்துவிடாமல் அவை காக்கின்றன. ஒருவகை லொபீலியா தன் இலைக்கிண்ணத்தில் நீரைத் தேக்கி வைத்திருக்கும். இரவில் மேல்பரப்பு பனிக்கட்டியாக உறையும். அடியில் இருக்கும் நீர் உறையாமல் நின்று நடுக்குருத்தைக் காப்பாற்றும்.

காலத்தை இச்செடிகள் கையாளும் விதமும் கவனிக்கத்தக்கது. சில வாரக் கோடையில் மொட்டு விட்டு, பூத்து, காய்த்து முடிக்க நேரம் போதாது. அதனால் பல செடிகள் அடுத்த ஆண்டுக்கான மொட்டை இந்த ஆண்டே தயாரித்து வைத்துவிடுகின்றன. பிஸ்டோர்ட்டா விவிபாரா என்ற செடியில் ஒரு பூங்கதிர் தொடங்கியதிலிருந்து முழுமையாக வெளிவரும் வரை நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

நமக்கு மிக அருகில் இதற்கு ஒப்பான காட்சி நீலகிரியிலும் பழனி மலையிலும் இருக்கிறது. அங்கே சோலைக்காடும் புல்வெளியும் கத்தியால் வெட்டியதுபோலப் பிரிந்து நிற்கும். டிசம்பர், ஜனவரி மாதத் தெளிந்த இரவுகளில் திறந்த புல்வெளியின் சூடு வானத்துக்குப் போய்விட, உறைபனி விழுகிறது. புல் அதைத் தாங்கும்; சோலை மர நாற்று கருகிவிடும். சோலையின் ஓரத்தில், மரக்கிளைகளின் கவிகைக்குக் கீழே, தரையின் சூடு அவ்வளவு எளிதில் வெளியேறுவதில்லை. நாற்று அங்கே பிழைக்கிறது. சோலை தன் பிள்ளைகளைத் தன் விளிம்பிலேயே வளர்க்கிறது.

வெப்பம் ஏறும்போது

உலகம் சூடாவதை உயர்மலைகள் மிகத் தெளிவாகக் காட்டுகின்றன. சுவிட்சர்லாந்தில் பிஸ் லினார்ட் என்ற சிகரம், 3,410 மீட்டர். ஓஸ்வால்ட் ஹீர் என்ற இயற்கையியலாளர் 1835இல் ஏறியபோது உச்சியில் ஒரே ஒரு பூக்கும் தாவர இனத்தைத்தான் கண்டார். 2011இல் அங்கே 16 இனங்கள். ஐரோப்பாவின் 302 சிகரங்களின் பழைய, புதிய பதிவுகளை ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வெளியானது. 2007 முதல் 2016 வரையிலான பத்தாண்டுகளில் சிகரங்களுக்குப் புதிதாக வந்து சேர்ந்த இனங்கள், ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய பத்தாண்டில் வந்தவற்றைப்போல ஐந்து மடங்கு.

எண்ணிக்கை கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். இங்கேதான் துணையும் போட்டியும் பற்றி நாம் பார்த்தது உதவிக்கு வருகிறது. மேலே வருகிறவை கீழே வாழ்ந்து பழகிய, வேகமாக வளரும், உயரமான செடிகள். குளிர் தணிந்த இடத்தில் தடுப்பின் தேவை குறைகிறது, வெளிச்சத்துக்கான போட்டி கூடுகிறது. மெதுவாக வளரும் குட்டைச் செடிக்கு அந்தப் போட்டியில் நிற்கத் திராணி இல்லை. ஆல்ப்ஸில் உயர்மலைச் செடிகளைத் தாழ்ந்த, வெப்பமான இடத்துக்குக் கொண்டுவந்து நட்டுப் பார்த்தார்கள். பழைய அண்டைச் செடிகளோடு சேர்த்து நட்டபோது அவை ஓரளவு தாக்குப்பிடித்தன. கீழ்நாட்டுச் செடிகளுக்கு நடுவே நட்டபோதுதான் பெரிதும் நலிந்தன. சூட்டைவிடப் புது அண்டைதான் அவற்றை அதிகம் வாட்டியது. மேலும், சிகரத்துக்கு மேலே சிகரம் இல்லை. உச்சியில் இருக்கும் செடிக்கு ஏறிப் போக இடம் கிடையாது. சேர்வராயனைப் போலச் சமவெளியின் நடுவே தனித்து நிற்கும் மலையில் குளிர்ச்சியை நம்பி வாழும் செடிகளுக்கும் இதே நெருக்கடிதான்.

புதரை வெட்டாமல் நடுங்கள்

இந்த அறிவை நேரடியாகப் பயன்படுத்தலாம். காடு வளர்ப்பில் பல காலமாக இருக்கும் வழக்கம், முதலில் புதரை அகற்றி நிலத்தைத் துப்புரவாக்கி, பிறகு மரக்கன்று நடுவது. சியரா நெவாடாவில் இதை மாற்றிச் செய்து பார்த்தார்கள். புதர்களுக்கு அடியில் நட்ட கன்றுகளும், புதரை அகற்றிய வெளியில் நட்ட கன்றுகளும் ஒப்பிடப்பட்டன. கோடை கடுமையான அந்த மலையில், புதருக்கு அடியில் நட்டவை அதிகமாகப் பிழைத்தன.

சேலத்தைச் சுற்றியுள்ள கரடுகளிலும், சேர்வராயனில் பாக்சைட் தோண்டி மேல்மண் போன முகடுகளிலும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஆர்வத்தோடு கன்று நடுகிறார்கள். அவர்கள் உழைப்பு வீணாகக் கூடாது என்ற அக்கறையில் சொல்கிறேன். சூரை, காரை போன்ற நாட்டுப் புதர் இருந்தால் அதைப் பிடுங்காதீர்கள். அதன் கிழக்குப் பக்கத்தில், அடியை ஒட்டி, கன்றை வையுங்கள். அப்போது பிற்பகல் வெயில் கன்றின்மேல் விழாது, புதர் உதிர்த்த சருகு அடியில் ஈரம் காக்கும், ஆடும் எளிதில் நெருங்காது. உண்ணிச்செடிப் புதராக இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. அது அடர்ந்து படர்ந்து கன்றையே மூடிவிடும். அதை வேரோடு எடுத்துவிட்டுத்தான் நட வேண்டும். கன்று புதருக்கு மேலே தலை நீட்டிய பிறகு, காப்பித் தோட்டக்காரர் நிழல் மரத்தைக் கழிப்பதுபோல, கன்றின்மேல் கவியும் கிளைகளை மட்டும் மழைக்கு முன்பு கழித்துவிட்டால் போதும்.